கருத்தடைக் குளிசையும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், இல்லங்களிலே வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்று. கூச்சத்தின் காரணமாகப் பேசாது விடப்படும் விஷயங்களிலேதான் தவறான எண்ணங்கள் வேரூன்றுகின்றன. அவற்றின் பயனை அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆதலால், பெரியோர்களும் தாய்மார்களும் குடும்பத் தலைவர்களும் சிறிது நேரம் செவிசாய்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத் தீவகத்தை எண்ணிப் பாருங்கள். ஊர்காவற்றுறையிலோ, நயினாதீவிலோ, நெடுந்தீவிலோ வாழும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளோடு போதும் என்று கணவனும் மனைவியுமாகத் தீர்மானித்து, நாள்தோறும் இரவில் ஒரு கருத்தடைக் குளிசை எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாரிகாலத்திலே அவருக்குக் காய்ச்சல் வருகிறது, தொண்டை நோகிறது. வைத்தியர் ஐந்து நாளைக்கு ஒரு நுண்ணுயிர்கொல்லி மருந்து, அதாவது அன்ரிபயோட்டிக், எழுதிக் கொடுக்கிறார். மருந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியிலே அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: இந்த மருந்து, நான் எடுக்கும் குளிசையின் பலனைக் கெடுத்துவிடுமோ? யாரோ ஒருவர் முன்பு அப்படிச் சொல்லக் கேட்ட ஞாபகம். வைத்தியரிடம் கேட்பதற்கு வெட்கம். பக்கத்து வீட்டில் கேட்டால் ஊரறிந்துவிடும். முடிவாக அவர் செய்வது யாது? சிலர் காய்ச்சல் மருந்தை இரண்டு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். இவ்விரண்டும் தவறு. இதற்குச் சரியான விடையைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் சாதாரணமாக எடுக்கும் நுண்ணுயிர்கொல்லிகளில் மிகப் பெரும்பாலானவை கருத்தடைக் குளிசையைப் பலவீனப்படுத்துவதில்லை. ஆனால் ஒரு மருந்து, அதன் இனத்தோடு சேர்த்து, ஐயத்துக்கிடமின்றிப் பலவீனப்படுத்துகிறது. அது காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிபாம்பிசின். இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் வீண் அச்சமும் நீங்கும். உண்மையான ஆபத்தும் நீங்கும்.

இனி, இந்தக் குளிசை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரத்து ஆய்வுகூடம் ஒன்றிலே, காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு, பெண்ணின் உடலில் சுரக்கும் ஹோர்மோனை ஒத்த ஒரு பொருளை இரசாயன அறிஞர்கள் ஆக்கினார்கள். கிரெகரி பிங்கஸ், ஜோன் ரொக் முதலிய அறிஞர்களின் முயற்சியினால், 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே முதலாவது கருத்தடைக் குளிசைக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலே குடும்பத் திட்டச் சங்கம் 1953இலேயே தோன்றிவிட்டது. 1958இல் சுவீடன் நாட்டின் உதவியோடு முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கியது. 1965 முதல் குடும்பத் திட்டம் அரசாங்கச் சுகாதார சேவையின் ஒரு பகுதியாயிற்று. கனடாவிலே பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டுப் பெண்களின் நலத்துக்காக உழைத்து, 1958இல் மக்சாய்சாய் விருது பெற்ற டாக்டர் மேரி இரட்ணம் அவர்களை இவ்விடத்தில் நன்றியோடு நினைவுகூர்தல் பொருந்தும். பெண்கள் இவ்விஷயத்தில் அறிவு பெறவேண்டும் என்று, பலரும் வாய்திறக்க அஞ்சிய காலத்திலேயே சொன்னவர் அவர்.

இன்று வழங்கும் குளிசைகளில் இரண்டு ஹோர்மோன்கள் மிகச் சிறிய அளவிலே உள்ளன. நம் நாட்டிலே பலருக்கும் தெரிந்த ‘மிதுரி’ குளிசையை எடுத்துக்கொண்டால், ஒன்று 30 மைக்கிரோகிராம்; மற்றது 150 மைக்கிரோகிராம். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு மைக்கிரோகிராம். இந்தச் சிற்றளவு இரத்தத்திலே நாள்தோறும் நிலைத்திருக்கும்வரை சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதில்லை. கருப்பை வாயிலுள்ள சளியும் தடித்து வழியை அடைத்துவிடுகிறது.

தீவகத்து மக்களுக்கு இதனை விளக்க ஓர் உவமை போதும். நம் தீவுகளிலே நிலத்தின் கீழ் நன்னீர் மெல்லிய படலமாக நிற்கிறது. அதன் கீழே உவர்நீர் இருக்கிறது. அளவோடு இறைத்தால் கிணறு நன்னீர் தரும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் தாழ்ந்து, உவர்நீர் மேலெழும். குளிசையும் அவ்வாறே. நாள்தோறும் ஒரு குளிசை ஒரு பட்டை நீரை ஊற்றுகிறது. ஈரல் அதனைச் சிறிது சிறிதாக இறைத்து வெளியேற்றுகிறது. ஊற்றுவதும் இறைப்பதும் ஒத்திருக்கும்வரை மட்டம் நிற்கும்; மட்டம் நிற்கும்வரை பாதுகாப்பும் நிற்கும்.

இப்போது ரிபாம்பிசினின் வேலையைக் கவனியுங்கள். காசநோய்க் கிருமியைக் கொல்வதில் அது மிகச் சிறந்த மருந்து. ஆனால் அது ஈரலுக்குள்ளே சென்று, அங்கு மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைப் பெருகச் செய்கிறது. கிணற்றிலே ஒருவர் இறைத்த இடத்தில் நால்வர் நின்று இறைப்பதற்கு இது ஒப்பாகும். குளிசையின் ஹோர்மோன்கள் வழக்கத்தைவிட விரைவாகச் சிதைந்து வெளியேறுகின்றன, மட்டம் தாழ்கிறது, சூலகம் மீண்டும் விழித்துக்கொள்கிறது. காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுத்த பெண்களுக்கு, குளிசை எடுத்தும் இடையிடையே உதிரப்போக்கு உண்டாவதை ஜெர்மனி நாட்டு வைத்தியர்கள் 1971இல் எடுத்துக்காட்டினார்கள். சிலர் கருவுற்றதும் பின்னர் தெரியவந்தது. அதன்பின் இரத்தத்தை அளந்து செய்த ஆராய்ச்சிகளும் இதனை உறுதிப்படுத்தின. ரிபாபியூட்டின் என்னும் மருந்தும் இதே இனத்தைச் சேர்ந்தது.

அப்படியானால், மற்ற நுண்ணுயிர்கொல்லிகளைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது? 1970களிலே, அம்பிசிலின் எடுத்த சில பெண்கள் குளிசை எடுத்தும் கருவுற்றதாக வைத்திய இதழ்களில் செய்திகள் வெளிவந்தன. அதற்கு ஒரு காரணமும் கற்பிக்கப்பட்டது. குளிசையின் ஒரு பகுதி ஈரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு வருகிறது. குடலிலுள்ள நல்ல கிருமிகள் அதனைப் பிரித்துக் கொடுக்க, உடல் அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. மருந்து அந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டால், திரும்பி வரவேண்டிய பங்கு வராது போய்விடும் என்பது அக்கருத்து. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆயினும், அமொக்சிசிலின், டொக்சிசைக்கிளின், மெட்ரோனிடசோல் முதலிய மருந்துகளை எடுத்த பெண்களின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, ஹோர்மோன் மட்டம் பாதுகாப்பைக் கெடுக்கும் அளவுக்குத் தாழவில்லை. திரும்பி வரும் அந்தப் பங்கு, நினைத்த அளவுக்கு முக்கியமானதன்று என்பது தெளிவாயிற்று.

பின் அந்தப் பெண்கள் கருவுற்றது எவ்வாறு என்று நேயர்கள் கேட்கலாம். குளிசையை ஒரு நாளும் தவறாமல் எடுப்போரில், ஓராண்டில் 100 பேருக்கு ஒருவர் கூடக் கருவுறுவதில்லை. ஆனால் உலகத்து நடைமுறையிலே, மறதியும் பயணமும் நோயும் குறுக்கிட, 100 பேரில் ஏறக்குறைய 7 பேர் ஓராண்டில் கருவுறுகிறார்கள். நோய்ப்பட்ட நாளிலே குளிசை மறந்துபோவது இயல்பு. வாந்தியும் வயிற்றோட்டமும் வருவதும் இயல்பு. அந்த நாட்களிலே மருந்தும் எடுத்திருந்தால், பழி மருந்தின்மேல் விழுகிறது.

பிரித்தானியாவில் இத்துறை வைத்தியர்களின் அமைப்பு, சாதாரண நுண்ணுயிர்கொல்லிகளுக்காக மேலதிகத் தடுப்பு வேண்டும் என்று முன்பு கூறிவந்த புத்திமதியை 2011இல் கைவிட்டது. உலகச் சுகாதார நிறுவனமும், அவற்றை எடுக்கும்போது குளிசைக்குத் தடையில்லை என்று வகைப்படுத்தியிருக்கிறது. 2020இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர், மருந்துத் தீங்குகளைப் பற்றி வந்த அறிக்கைகளை ஆராய்ந்து, எதிர்பாராத கருத்தரிப்பு பற்றிய செய்திகள் நுண்ணுயிர்கொல்லி எடுத்தோரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன என்று எழுதினார்கள். இத்தகைய அறிக்கைகள் கேள்வியை எழுப்பக்கூடியவை. காரணத்தை நிறுவக்கூடியவை அல்ல. ஆயினும், மனம் ஒப்பாதவர்கள் மருந்து எடுக்கும் சில நாட்களில் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அதனால் கெடுதி ஒன்றுமில்லை. குளிசையையோ மருந்தையோ நிறுத்துவதுதான் கூடாது.

நம் பகுதிக்குரிய நோய்கள் சிலவற்றைப் பார்ப்போம். 2024 டிசம்பரிலே யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியதைப் பலரும் அறிவீர்கள். வயலிலும் சேற்றிலும் இறங்கி வேலை செய்வோருக்கு அந்நோய் வராமற் காக்க டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுகிறது. சுகாதார அதிகாரிகள் கொடுத்தால் அச்சமின்றி எடுக்கலாம். கருத்தடைக் குளிசை அதனாற் கெடாது. ஆனால் கருவுற்றிருக்கும் பெண்கள் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும்; அவர்களுக்கு இம்மருந்து பொதுவாக உகந்ததன்று. நெருப்புக்காய்ச்சல் குடாநாட்டுக்குப் பழைய பகைவன். அதற்குக் கொடுக்கப்படும் மருந்தும் குளிசையைக் கெடுப்பதில்லை. எனினும் வயிற்றோட்டமும் வாந்தியும் கெடுக்கக்கூடும்.

இவ்விடத்தில் தீவக மக்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்லவேண்டும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகக் காற்றுக் காலத்திலே அந்தக் கடல் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. குளிசை எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அக்குளிசை உடலிற் சேராமலே போயிருக்கலாம். ஆகையால் இன்னொரு குளிசை எடுக்கவேண்டும். காலையில் படகேறுவோர் இரவிலே குளிசை எடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை. கடுமையான வாந்தியோ வயிற்றோட்டமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், குளிசையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே, அந்த நாட்களைக் குளிசை தவறிய நாட்களாகக் கொள்ளவேண்டும்.

குளிசை தவறினால் செய்யவேண்டியது யாது? ஒன்று தவறினால், நினைவு வந்தவுடன் அதனை எடுத்து, மற்றவற்றை வழக்கம்போல் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ தவறினால், உடனே ஒன்றை எடுத்து, நாள்தோறும் தொடர்ந்து, ஏழு நாட்களுக்கு ஆணுறையும் பயன்படுத்தவேண்டும். ஹோர்மோன் உள்ள 21 குளிசைகளின் கடைசி வாரத்தில் இது நேர்ந்தால், ஹோர்மோன் இல்லாத ஏழு குளிசைகளை விட்டுவிட்டு, புதிய அட்டையை உடனே தொடங்கவேண்டும். காற்று மிகுந்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் பொருள் வராது. ஆகவே, தீவிலே வாழ்பவர்கள் அடுத்த அட்டையைக் கையிலே வைத்திருந்துதான் இந்த அட்டையைத் தொடங்கவேண்டும். மாரிக்கு முன் மூன்று மாதத்துக்கானதை மருத்துவமாதுவிடம் கேட்டுப் பெற்றுக்கொள்வது நன்று.

நேயர்களே, இனிச் சொல்லப்போவதே இப்பேச்சின் முக்கியமான பகுதி.

காசநோய்ச் சிகிச்சை சாதாரணமாக ஆறு மாதம் நடைபெறுகிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ஆறு மாதமும் ரிபாம்பிசின் இருக்கும். சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது அதன் அடையாளம், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் இந்த ஆறு மாதமும், மருந்து முடிந்தபின் இன்னும் நான்கு வாரமும், கருத்தடைக் குளிசையை நம்பியிருக்கக் கூடாது. மருந்து நின்றவுடன் ஈரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவேதான் அந்த நான்கு வாரம்.

இது எல்லா வைத்தியர்களுக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் தவறு நேர்வது எவ்வாறு? ஒரு தீவிலே எல்லோரும் எல்லோருக்கும் உறவு; யார் எங்கே போகிறார் என்பது துறையிலே நிற்பவர் அனைவருக்கும் தெரியும். காசநோய் என்றால் மகளின் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி, ஒரு பெண் யாழ்ப்பாணப் பட்டினத்து மார்புநோய்க் கிளினிக்குக்குச் சென்று இரகசியமாக மருந்து எடுக்கிறார். அங்கே மாமியாரோ மைத்துனரோ உடன் நிற்பதால், குளிசை எடுப்பதைச் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பி வந்தால், வீடு தேடி வரும் மருத்துவமாதுவிடம் காசநோயைச் சொல்வதில்லை. கிளினிக்கிலே ஓர் அட்டை. மருத்துவமாதுவிடம் ஓர் அட்டை. இரண்டும் ஒன்றையொன்று காண்பதில்லை. இரண்டு இரகசியங்களும் சந்திக்கும் இடம் அந்தப் பெண்ணின் உடல் ஒன்றுதான். அதன் விளைவு, நோயோடு போராடும் உடலிலே விரும்பாத கருப்பம்.

அதன்பின் நடப்பது இன்னும் வேதனையானது. நம் நாட்டிலே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்புச் செய்வது குற்றம். ஆகவே சிலர் மறைவிடங்களை நாடி உயிரையே பணயம் வைக்கிறார்கள். வேறு சிலர், குழந்தைக்கு ஆகாது என்று அஞ்சி, காசநோய் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இது பெருந்தவறு. வழக்கமான நான்கு காசநோய் மருந்துகளையும் கருப்பிணிகளுக்குக் கொடுக்கலாம். குழந்தையின் செவியைப் பாதிக்கும் ஸ்ரெப்டோமைசின் ஊசியே தவிர்க்கப்படுவது. மருந்தை நடுவிலே நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, வீட்டிலுள்ளோருக்கும் ஆபத்து, கிருமியும் மருந்துக்கு அடங்காததாக மாறும். எனவே கருவுற்றதாக ஐயம் தோன்றினால் மருந்தைத் தொடர்ந்துகொண்டே வைத்தியரிடம் செல்லுங்கள்.

அப்படியானால் காசநோய்ச் சிகிச்சைக் காலத்துக்கு ஏற்ற வழி எது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசியின் பலனை ரிபாம்பிசின் கெடுப்பதில்லை. கருப்பையில் வைக்கப்படும் செம்புக் கம்பி சுற்றிய லூப்பும் அவ்வாறே. அதில் ஹோர்மோனே இல்லை. தோலின் கீழ் வைக்கப்படும் ஹோர்மோன் குச்சியின் பலன் குறையக்கூடும். அதை வைத்திருப்பவர்கள் வைத்தியரைக் கேட்டறியவேண்டும். அவசர காலத்துக் குளிசையும் ரிபாம்பிசினால் பலவீனமடையும். அந்நிலையில் ஐந்து நாட்களுக்குள் லூப் வைத்துக்கொள்வதே உறுதியான வழி. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பெனிடோயின், கார்பமசெப்பின், பினோபார்பிட்டோன் ஆகிய மருந்துகளும் ஈரலிலே இதே வேலையைச் செய்கின்றன. தொழுநோய்க்கான கூட்டு மருந்திலும் ரிபாம்பிசின் உண்டு. அதனை எடுப்போரும் வைத்தியரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி நோயாளியாக இருக்கும் ஆறு மாதமும் ஆணுறை பயன்படுத்துவது கணவனுடைய கடமை. பிள்ளைகள் போதும் என்று தீர்மானித்தவர்களுக்கு ஆண்களுக்குரிய சிறு சத்திரசிகிச்சையும் உண்டு. குடும்பத் திட்டம் முழுவதையும் ஒரு பெண்ணின் ஞாபகசக்தியின்மேல் சுமத்திவிட்டு, தவறினால் அவளையே குறைகூறுவது நியாயமாகாது.

பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுண்டு. எந்த வைத்தியரிடம் சென்றாலும், எடுக்கும் மருந்துகளின் அட்டைகள் யாவற்றையும் ஒரு சிறு பையில் இட்டுக் கொண்டு செல்லுங்கள். வாயாற் சொல்லக் கூச்சமாயின், பையை மேசையின்மேல் வையுங்கள், அது பேசும். உடன் வந்தவர் முன்னிலையில் காட்ட விருப்பமில்லையாயின், தனியே பேசவேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவமாது வீட்டுக்கு வந்து, “பிள்ளை, வேறேதும் மருந்து எடுக்கிறாயோ?” என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்டதைக் காப்பது அவருடைய தொழிலறம்.

வைத்தியர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று. ரிபாம்பிசின் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும், அவர் கேட்பார் என்று காத்திராமல், கருத்தடை முறை எது என்று தனிமையிலே கேளுங்கள். சாதாரண மருந்து கொடுக்கும்போது, “இதனால் குளிசை கெடாது, இரண்டையும் எடுங்கள்” என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல வீடுகளிலே நித்திரையைத் திருப்பிக் கொடுக்கும்.

மானிப்பாயிலே பணியாற்றிய டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்கள், 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்தியம் பற்றிய நூலைத் தமிழிலே வெளியிட்டார்கள். பெண்ணின் உடலைப் பற்றிய அறிவு அவளுக்குப் புரியும் மொழியிலே சொல்லப்படவேண்டும் என்பது இம்மண்ணிலே அத்துணைப் பழைய கருத்து. அச்சிலே ஏறிய அந்த அறிவு இன்று வீட்டுத் திண்ணையிலும் கிளினிக் வாசலிலும் வாய்ச்சொல்லாக வழங்கவேண்டும்.

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். காய்ச்சலுக்கும் தொண்டை நோவுக்கும் கொடுக்கும் சாதாரண நுண்ணுயிர்கொல்லிகளோடு குளிசையைத் தொடருங்கள்; மருந்தையும் முழுமையாக எடுங்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் கவனமாயிருங்கள். காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால், அன்றே கருத்தடை முறையை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து முடிந்து நான்கு வாரம் சென்ற பின்னரே குளிசைக்குத் திரும்புங்கள். ஐயம் தோன்றினால் உங்கள் மருத்துவமாதுவையோ வைத்தியரையோ கேளுங்கள்.